இளவட்டக்கல் முதல் கெட்டில்பெல் வரை

தேனியிலிருந்து கம்பம் போகும் சாலையில் எந்தச் சின்ன ஊரில் இறங்கினாலும் ஒரு ஜிம் பலகை கண்ணில் படும். முன்பெல்லாம் அந்தப் பலகையில் இரண்டு புஜங்களையும் முறுக்கிக் காட்டும் ஆணழகன் படம் மட்டும்தான் இருக்கும். இப்போது கூடவே புதிதாக ஒரு பெயர் சேர்ந்திருக்கிறது. 'ஃபங்ஷனல் ட்ரெய்னிங்'.

உள்ளே போய்ப் பார்த்தால் மணல் மூட்டை, பழைய லாரி டயர், கைத்தடிமனில் ஒரு கயிறு, கைப்பிடி வைத்த இரும்புக் குண்டு. முதல் நாள் வரும் கல்லூரி மாணவனுக்குக் கொஞ்சம் குழப்பமாகத்தான் இருக்கும். மூட்டை தூக்குவதற்கா மாதாமாதம் காசு கட்டுகிறோம்? வீட்டில் சொன்னால் அப்பா சிரிப்பார். அவர் மார்க்கெட்டில் அதே மூட்டையைக் கூலிக்குத் தூக்கியவராகக்கூட இருக்கலாம்!

அந்தச் சிரிப்பில் நியாயம் இருக்கிறது. ஆனால் பாதி நியாயம்தான். மீதிப் பாதி எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்ளக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

முதலில் அந்தப் பெயரைப் பார்த்துவிடுவோம். ஃபங்ஷனல் ட்ரெய்னிங் என்றால் அன்றாட வேலைக்கு உதவுகிற பயிற்சி. சாதாரணமாக ஜிம்மில் ஒரு தசையைத் தனியாகப் பிரித்து வளர்ப்பார்கள். இன்று கை, நாளை மார்பு, மறுநாள் கால் என்று. வாழ்க்கையில் எந்த வேலையும் ஒரே ஒரு தசையால் நடப்பதில்லை. வாசலில் இறக்கிவிட்டுப் போன கேஸ் சிலிண்டரை அடுப்படி வரை கொண்டுபோவதை யோசித்துப் பாருங்கள். உள்ளே இருக்கும் வாயு மட்டும் 14.2 கிலோ. இரும்பின் எடையையும் சேர்த்தால் அதைப் போல இரண்டு மடங்கு. அதைத் தூக்க முட்டி மடங்குகிறது, இடுப்பு நிமிர்கிறது, முதுகு விறைக்கிறது, விரல்கள் இறுகுகின்றன. எல்லாம் ஒரே நொடியில்! ஆகவே தசைகளுக்குப் பதில் அசைவுகளைப் பழக்குவதுதான் இந்தப் பயிற்சி. குந்தி எழுவது, குனிந்து தூக்குவது, தள்ளுவது, இழுப்பது, சுமந்து நடப்பது, உடம்பைத் திருப்புவது. அவ்வளவுதான்.

ஊர் மந்தையில் கிடந்த கல்

மதுரை, தேனி, விருதுநகர், நெல்லை என்று தென்மாவட்டங்களின் பழைய கிராமங்களில் கோயில் முன்னாலோ மந்தையிலோ ஓர் உருண்டைக் கல் கிடக்கும். இளவட்டக்கல் என்று பெயர். சில ஊர்களில் இளந்தாரிக்கல், கல்யாணக்கல் என்றும் சொல்வார்கள். பொங்கல் சமயத்தில் இளவட்டங்கள் அதைத் தூக்கிக் காட்ட வேண்டும்.

பார்ப்பதற்கு எளிதாகத் தெரியும் இந்தக் கல்லில் ஒரு சூழ்ச்சி இருக்கிறது. அதில் பிடி கிடையாது. வழவழவென்று இருக்கும். ஜிம்மில் உள்ள கம்பிக்குக் கைக்கு ஏற்ற பிடிமானம் உண்டு, எடை இரண்டு பக்கமும் சமமாக இருக்கும். கல் அப்படியில்லை. தூக்குகிறவன் குந்தி உட்கார்ந்து, இரண்டு கைகளாலும் அதைக் கட்டிப்பிடிக்க வேண்டும். முதலில் தொடைமேல் ஏற்ற வேண்டும். அங்கே ஒரு மூச்சு. பிறகு இடுப்பை உந்தி நெஞ்சுக்கு ஏற்ற வேண்டும். நெஞ்சிலிருந்து தோளுக்கு. தோளிலிருந்து முதுகுக்குப் பின்னால் தள்ளிவிட வேண்டும். கைபலத்தை மட்டும் நம்பி வந்தவன் தொடையைத் தாண்ட மாட்டான். இன்றைக்கு ஃபங்ஷனல் பயிற்சியாளர்கள் தொண்டை வறளச் சொல்லிக்கொடுக்கும் 'இடுப்பால் தூக்கு, முதுகால் தூக்காதே' என்ற பாடம் முழுவதும் அந்த ஒரு கல்லில் இருந்தது.

கல்லைத் தூக்கியவனுக்குத்தான் பெண் என்று ஒரு கதை எல்லா ஊரிலும் உண்டு. சினிமாவும் அதை நன்றாகவே பயன்படுத்திக்கொண்டது. ஆனால் சொத்து, சொந்தம், சாதி எதையும் பார்க்காமல் கல்லை மட்டும் பார்த்துப் பெண் கொடுத்த ஊர் எது என்று கேட்டால் பதில் வராது. அது கௌரவத்துக்கான கல் என்று வைத்துக்கொள்வதே சரி.

கல்லுக்கும் வீரத்துக்கும் இந்தப் பக்கத்தில் உறவு மிகப் பழையது. ஆண்டிபட்டி வட்டத்தில் வைகைக் கரையில் உள்ள புலிமான்கோம்பையில் 2006-ல் தமிழ்ப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தமிழி எழுத்துள்ள நடுகற்களைக் கண்டுபிடித்தார்கள். கிறிஸ்துவுக்கு முற்பட்டவை. அவற்றில் ஒன்று ஆகோள் பூசலில், அதாவது மாடு கவரும் சண்டையில் இறந்த ஒருவனுக்காக நட்டது. அந்தக் கல்லில் கூடலூர் என்ற பெயரும் வருகிறது. கம்பத்துக்கு அடுத்து இன்றும் ஒரு கூடலூர் இருக்கிறது. மாட்டை விட்டு மனிதன் இங்கே இன்னும் பிரியவில்லை. பல்லவராயன்பட்டியிலும் அய்யம்பட்டியிலும் நடக்கும் ஜல்லிக்கட்டே சாட்சி.

கல் தூக்குவது நமக்கு மட்டுமே உரிய வழக்கம் என்று நினைக்க வேண்டாம். ஐஸ்லாந்தில் தியூபலோன்சாந்தூர் என்ற கடற்கரையில் நான்கு கற்கள் கிடக்கின்றன. 154 கிலோ, 100 கிலோ, 54 கிலோ, 23 கிலோ. பெரிய கல்லுக்கு 'முழுப் பலம்' என்று பெயர். அடுத்தது 'அரைப் பலம்'. கடைசிக் கல்லுக்கு வைத்திருக்கும் பெயருக்குக் கிட்டத்தட்ட 'உதவாக்கரை' என்று அர்த்தம்! மீன்பிடிப் படகில் வேலை வேண்டுமானால் 54 கிலோ கல்லையாவது தூக்கியாக வேண்டும். ஸ்காட்லாந்தில் இளைஞன் ஆண்மகனாகிவிட்டான் என்று காட்டத் தூக்கும் கல் உண்டு. ஜப்பானியக் கோயில் வாசல்களிலும் பலம் பார்க்கும் கற்கள் உண்டு. ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாத இத்தனை ஊர்களில் ஒரே பரீட்சை.

ஆம், பரீட்சை. இந்தச் சொல்தான் முக்கியம். இளவட்டக்கல் பாடம் சொல்லித் தரவில்லை, பரீட்சை மட்டும் வைத்தது. அப்படியானால் பாடம் எங்கே நடந்தது?

வேலைதான் பள்ளிக்கூடம்

பாடம் வயலில் நடந்தது. முல்லைப் பெரியாறு அணை 1895-ல் முடிந்து தண்ணீர் இந்தப் பக்கம் திரும்பியது. இன்றும் கம்பம் பள்ளத்தாக்கின் இருபோக நெல் சாகுபடிப் பரப்பு 14,707 ஏக்கர் என்று ஆண்டுதோறும் செய்திகளில் படிக்கிறோம். இரண்டு போகம் என்றால் இரண்டு தடவை நாற்றுக்கட்டு, இரண்டு தடவை கதிர்க்கட்டு, இரண்டு தடவை மூட்டை. மேற்கே மலை. ஏலக்காய், தேயிலை, காப்பி எல்லாம் மேலே விளைந்தன. போடிக்கு மேலே குரங்கணிப் பக்கம் டாப் ஸ்டேஷனிலிருந்து கொட்டகுடிக்கு ஒரு காலத்தில் கம்பிவடத்தில் தேயிலைப் பெட்டிகள் இறங்கின. அந்த வசதி இல்லாத பாதைகளில் மனிதனும் கழுதையும்தான்.

பத்து வயதில் சின்னச் சுமை, பதினைந்தில் கொஞ்சம் பெரியது, இருபதில் முழு மூட்டை. யாரும் திட்டம் போடாமலே எடை ஏறிக்கொண்டே போனது. அப்படி வளர்ந்தவன் பொங்கலன்று கல்லுக்கு முன்னால் போய் நின்றான். அப்பாவின் சிரிப்பில் இருக்கும் பாதி நியாயம் இதுதான்.

இனி மீதிப் பாதி. 'அந்தக் காலத்து ஆட்கள் ஜிம்முக்கா போனார்கள்? இரும்பு மாதிரி இருந்தார்களே!' என்று பெருமையாகப் பேசுவோம். இரும்பு மாதிரி இருந்தவர்கள்தான் நம் நினைவில் நிற்பார்கள். ஐம்பது வயதில் இடுப்பு ஒடிந்து திண்ணையில் உட்கார்ந்தவர்களை யார் நினைவு வைத்துக்கொண்டார்கள்? பெரியாறு அணையைக் கட்ட 1887 முதல் மலைக்குப் போன கூலியாட்களின் உடம்பில் பலம் இல்லாமலா இருந்திருக்கும்? காய்ச்சலிலும் காலராவிலும் செத்தவர்கள் பலர். அணைப் பக்கம் கல்லறைகள் இருக்கின்றன. பலம் வேறு, ஆரோக்கியம் வேறு.

சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1967-ல் ஒரு பரிந்துரை கொண்டுவந்தது. வளர்ந்த ஆண் ஒருவர் கையால் சுமக்கும் எடை 55 கிலோவுக்கு மேல் இருந்தால் அதைக் குறைக்க நடவடிக்கை எடுக்க வேண்டும் என்றது. ஜிம்மில் 55 கிலோ தூக்குகிறவன் பத்து முறை தூக்கிவிட்டு உட்கார்ந்து தண்ணீர் குடிக்கிறான். மறுநாள் ஓய்வு. சுமை தூக்கும் தொழிலாளிக்கு லாரி காலியாகும்வரை ஓய்வு கிடையாது. மறுநாளும் அதே தோள், அதே பக்கம். எடை ஒன்றுதான். 'போதும்' என்று சொல்லும் உரிமைதான் வித்தியாசம்.

கடலைத் தாண்டிப் போய் வந்த கட்டை

வேலையாக இல்லாமல் பயிற்சிக்கென்றே செய்த பயிற்சியும் நம்மிடம் இருந்தது. தண்டால், பஸ்கி, சிலம்பம், மற்போர், கர்லாக்கட்டை. மற்போர் இங்கே எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு ஒரே உதாரணம் போதும். ஏழாம் நூற்றாண்டுப் பல்லவ அரசன் முதலாம் நரசிம்மவர்மன் தனக்கு வைத்துக்கொண்ட பட்டம் மாமல்லன். மாமல்லபுரம் அந்தப் பெயரில் வந்த ஊர்தான்.

இவற்றில் கர்லாக்கட்டையின் கதை தனி. அடி பெருத்து நுனி சிறுத்த மரக்கட்டை. அதைத் தலைக்குப் பின்னால் சுழற்றி முன்னால் கொண்டுவர வேண்டும். தோள்பட்டை, மணிக்கட்டு, இடுப்பு மூன்றும் சேர்ந்து வேலை செய்யும். இந்தியாவில் இருந்த ஆங்கிலேய ராணுவத்தினர் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதைப் பார்த்துக் கற்றுக்கொண்டு தங்கள் நாட்டுக்குக் கொண்டுபோனார்கள். கட்டையை லேசாக்கி, பளபளப்பாக்கி, 'இந்தியன் கிளப்' என்று பெயர் வைத்தார்கள். லண்டன் சீமாட்டிகள் வீட்டுக்கூடத்தில் சுழற்றினார்கள். சைம் கெஹோ என்பவர் 1866-ல் நியூயார்க்கில் இதற்கென்றே புத்தகம் போட்டார். 1904 செயின்ட் லூயிஸ் ஒலிம்பிக்கிலும் 1932 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கிலும் கட்டை சுழற்றுவதற்குப் பதக்கமே கொடுத்தார்கள்! இரண்டு முறையும் வென்றவர்கள் அமெரிக்கர்கள். நம் ஊர்க் கட்டை போனது, நம் ஊர் ஆள் போகவில்லை.

போன கட்டை பள்ளிக்கூட 'டிரில்' வகுப்பாக மறுபடி இங்கே வந்து இறங்கியது. ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர் 1920-ல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். 1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்குப் போன இந்திய அணிக்குப் பயிற்சி கொடுத்து உடன் போனவரும் அவர்தான். ஊர்ஊராகப் பள்ளிகளில் 'பி.டி. வாத்தியார்' என்ற ஓர் ஆள் வந்ததற்கு அந்தக் கல்லூரி ஒரு முக்கியக் காரணம்.

இன்னொரு பக்கம் கண்ணாடி வந்தது. ஜெர்மனியில் பிறந்த யூஜின் சாண்டோ பலத்தைக் காட்டுவதோடு நிற்காமல் உடம்பின் அழகையும் மேடையேற்றினார். 1901-ல் லண்டனில் ஓர் ஆணழகன் போட்டியை நடத்தினார். பிறகு இந்தியாவுக்கும் சுற்றுப்பயணம் வந்தார். தமிழ்நாட்டில் அவர் பெயர் எவ்வளவு ஆழமாகப் பதிந்தது என்றால், கோயம்புத்தூரில் வீரமாருதி தேகப்பயிற்சி சாலை நடத்தி, பின்னாளில் எம்.ஜி.ஆர். படங்களாக எடுத்துத் தள்ளிய சின்னப்பா தேவர் கடைசிவரை 'சாண்டோ' சின்னப்பா தேவர்தான். கை இல்லாத பனியனுக்குக்கூட சாண்டோ பனியன் என்று பெயர் வந்துவிட்டது.

அங்கிருந்து ஜிம்மின் திசை மாறியது. எவ்வளவு தூக்குகிறாய் என்ற கேள்வி போய், எப்படித் தெரிகிறாய் என்ற கேள்வி வந்தது. 1970-ல் ஆர்தர் ஜோன்ஸ் அமெரிக்காவில் நாட்டிலஸ் இயந்திரங்களை விற்க ஆரம்பித்தார். உட்கார்ந்த இடத்தில் ஒரே தசைக்கு வேலை. சுவரில் அர்னால்ட் படம் ஒட்டிய நம் ஊர் ஜிம்கள் எல்லாம் இந்த வம்சத்தைச் சேர்ந்தவைதான்.

ஆஸ்பத்திரியில் பிறந்த ஏணி

சரி, மூட்டையும் டயரும் எப்படி ஜிம்முக்குள் திரும்பி வந்தன? இங்கேதான் பலருக்கும் தெரியாத ஒரு திருப்பம். வழி ஆஸ்பத்திரி வழியாகப் போகிறது.

இரண்டாம் உலகப் போர் சமயம். காலில் அறுவை சிகிச்சை செய்த சிப்பாய்கள் அமெரிக்க ராணுவ ஆஸ்பத்திரிகளில் மாதக்கணக்கில் படுத்துக் கிடந்தார்கள். அசைக்கக் கூடாது, மிக லேசான பயிற்சி மட்டுமே என்பது அன்றைய வழக்கம். தாமஸ் டெலார்ம் என்ற இளம் டாக்டர் சின்ன வயதில் நோய்வாய்ப்பட்டு, எடை தூக்கித் தேறியவர். அவர் எதிர்மாறாகச் செய்தார். நோயாளி சரியாகப் பத்து முறை தூக்கக்கூடிய எடை எது என்று கண்டுபிடித்து, அதைத் தூக்கவைத்தார். வாரம் ஒருமுறை சோதித்து எடையைக் கூட்டினார். 1945-ல் இதை வெளியிட்டார். 1948-ல் இன்னும் எளிமையாக்கினார். மூன்று சுற்று, சுற்றுக்குப் பத்து முறை. முதல் சுற்றில் பாதி எடை, இரண்டாவதில் முக்கால், மூன்றாவதில் முழு எடை. இன்றும் எந்த ஊர் ஜிம்முக்குப் போனாலும் மாஸ்டர் 'மூணு செட்டு, பத்துப் பத்து' என்பாரே, அதன் பூர்வீகம் இந்த ஆஸ்பத்திரிக் கட்டில்தான்!

நோயாளியைப் பழைய வேலைக்குத் திரும்ப அனுப்பும் இந்த மருத்துவத்திலிருந்துதான் ஃபங்ஷனல் என்ற எண்ணமும் வளர்ந்தது. படியேற முடிகிறதா, பையைத் தூக்க முடிகிறதா என்பதுதானே அங்கே கேள்வி? பிறகு 2000-ல் கிரெக் கிளாஸ்மன் கலிஃபோர்னியாவில் கிராஸ்ஃபிட்டைத் தொடங்கினார். அதே காலத்தில் ரஷ்யாவிலிருந்து கெட்டில்பெல் வந்து அமெரிக்காவில் பரவியது. கைப்பிடி வைத்த அந்த இரும்புக் குண்டு ரஷ்யச் சந்தைகளில் தானியம் நிறுக்கும் எடைக்கல்லாக இருந்தது. அங்கே ஒரு 'பூட்' என்றால் சுமார் 16.4 கிலோ. அதனால்தான் இன்றும் 16, 24, 32 என்று அதன் எடைகள் போகின்றன. சென்னை மாகாணத்தில் நமக்கும் எட்டு வீசை சேர்ந்தால் ஒரு மணங்கு, சுமார் 11.3 கிலோ என்று ஒரு கணக்கு இருந்தது. நம் கடைக்காரர் யாராவது மணங்குக் கல்லுக்குக் கைப்பிடி வைத்திருந்தால் இன்று உலகமே 'ஒரு மணங்கு, இரண்டு மணங்கு' என்று தூக்கிக்கொண்டிருக்கும்!

ஆக, மந்தையில் இருந்த அசைவும் ஜிம்மில் இருக்கும் அசைவும் ஒன்றுதான். மந்தையில் இல்லாதது ஏணி. கல் ஒரே எடை. தூக்கினால் இளவட்டம், தூக்காவிட்டால் கேலி. முடியாதவன் மறுநாள் எங்கிருந்து தொடங்குவது என்று கல் சொல்லவில்லை. அதைச் சொன்னது ஆஸ்பத்திரி.

ஏணி இல்லாததால் வெளியே நின்றவர்கள் யார் யார் என்று பார்த்தால் பட்டியல் நீளும். நோயாளிகள், வயதானவர்கள், மந்தைக்குள் சமமாக நிற்க விடப்படாதவர்கள், எல்லாவற்றுக்கும் மேலாகப் பெண்கள். உரலில் குத்தியதும், அம்மியில் அரைத்ததும், இடுப்பில் ஒன்று தலையில் ஒன்று எனக் குடம் சுமந்ததும் அவர்கள்தான். இன்றும் விடியுமுன் ஜீப்பில் ஏறி எல்லை தாண்டி இடுக்கி ஏலத்தோட்டங்களுக்குப் போய், நாள் முழுவதும் குனிந்து காய் எடுப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அந்தப் பலத்துக்கு எந்த ஊரிலும் கல் வைத்துக் கைதட்டவில்லை. 2011-ல் அரசு விலையில்லா மிக்ஸி, கிரைண்டர் கொடுத்தபோது 'இதனால்தான் பெண்களுக்கு உடம்பு கெட்டது' என்று சொன்னவர்கள் உண்டு. சொன்னவர்களில் யாராவது ஒருநாள் ஆட்டுக்கல் சுற்றியிருப்பார்களா என்பது சந்தேகமே.

ஆனால் உடம்புக்கு வேலை குறைந்துவிட்டது என்பது உண்மை. நாட்டில் 11.4 சதவீதம் பேருக்கு, அதாவது சுமார் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாக 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வு சொல்கிறது. வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் நடை போன்ற மிதமான பயிற்சியும், இரண்டு நாளாவது தசைக்கு வலு சேர்க்கும் பயிற்சியும் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல். நடைக்குப் பள்ளத்தாக்கில் வரப்பும் வாய்க்கால் கரையும் இருக்கின்றன. அந்த இரண்டு நாளுக்குத்தான் ஜிம்.

புதிதாகச் சேர்பவர் டயரிடம் முதலில் போக வேண்டியதில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, கை ஊன்றாமல் பத்து முறை எழ முடிகிறதா? அதுதான் முதல் கல். தரையில் தண்டால் வரவில்லையென்றால் சுவரில் கை வைத்து எடுக்கலாம், பிறகு திண்ணையில், பிறகு தரையில். ஒரு துடைப்பக் குச்சியைத் தலை, முதுகு, இடுப்பு மூன்றையும் தொடும்படி பின்னால் பிடித்துக்கொண்டு, மூன்றும் விலகாமல் குனியப் பழகினால் முதுகு வளையாமல் தூக்குவது தானாக வரும். சுமந்து நடப்பதற்கு வாளியைவிட நல்ல கருவி இல்லை. ஐந்து லிட்டர் தண்ணீர் ஐந்து கிலோ, பத்து லிட்டர் பத்து கிலோ. குவளை குவளையாகக் கூட்டிக்கொள்ளலாம்! ரத்த அழுத்தம், இதய நோய், பழைய முதுகுத்தண்டு வலி இருப்பவர்கள் மட்டும் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத் தொடங்குவது நல்லது.

நெல்லை மாவட்டம் பணகுடி அருகே வடலிவிளையில் பொங்கலுக்கு இன்றும் இளவட்டக்கல் போட்டி நடக்கிறது. அங்கே ஒரே கல் இல்லை. 45 கிலோவில் ஆரம்பித்து 129 கிலோ வரை வரிசையாகக் கற்கள். பெண்களும் போட்டியிடுகிறார்கள். மந்தைக்கே ஏணி வந்துவிட்டது.

தேனி ஜிம்களில் புதிதாக வரும் பையன்கள் நேராகப் போய்ப் பிடிப்பது 24 கிலோ கெட்டில்பெல்லைத்தான். யாராவது பார்த்துக்கொண்டிருந்தால் நிச்சயமாக அதைத்தான். 4 கிலோ குண்டு மூலையில் தூசி படிந்து கிடக்கும்.